திறப்பு: ஊர் திரும்பும் எழுத்துகள் பற்றி ஒரு மறுவாசிப்பு

கடந்த பதினைந்து வருடங்களாக எமது சஞ்சிகைகளிலும் ஊர்ச்சங்க மலர்களிலும் ஒருவகை எழுத்து பெருகி வந்திருக்கிறது. 2009இன் பின் பாதை திறந்து, கையில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டும் வந்து, பிள்ளைகளும் வளர்ந்துவிட்ட நிலையில், கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போய்வருபவர்கள் எழுதும் எழுத்து அது. கவிதை, சிறுகதை, பயணக்கட்டுரை என வடிவம் எதுவாயினும் நடப்பது ஒன்றுதான். ஒழுங்கை முகப்பில் வான் நிற்கும். படலை இருக்காது. கிணறு இருக்கும், கிணற்றுக் கட்டில் அரசங்கன்று முளைத்திருக்கும். எழுதுபவர் கூரையில்லாத சுவரைத் தடவுவார். பிள்ளைகள் வெயில் தாங்காமல் வானுக்குள் போய் ஏறிவிடுவார்கள். மனைவி ஒரு பிடி மண்ணை அள்ளிப் பைக்குள் போடுவார். கடைசி வரியில் கண்ணீர் வரும்.

இவ்வெழுத்தைக் கேலி செய்வது என் நோக்கமல்ல. 2018இல் மனைவியோடும் மகளோடும் ஊருக்குப் போய்வந்தபின் நானும் அப்படியொன்றை எழுதினேன். அது ஒரு மலரில் அச்சேறியது. படித்துவிட்டுச் சிலர் தொலைபேசியில் அழைத்து அழுதார்கள். அந்தக் கட்டுரையில் ஒரு பொய் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். ஆகவே நான் இங்கு விமர்சனத்துக்கு எடுக்கும் முதற் பிரதி என்னுடையதே. மற்றவர்களுடைய எழுத்துகளைப் பெயர் குறிப்பிட்டு நிறுத்துவதற்கு எனக்கு இந்த விடயத்தில் அருகதை இல்லை.

ஒருகாலத்தில் தமிழ் படிப்பித்தவன் நான். இப்போது ஜேர்மனியில் ஒரு தொழிற்சாலையில் இரவுநேரப் பொதிசெய்யும் வேலை. பெட்டிகளின் எண்ணிக்கை ஒன்று பிசகினாலும் பட்டியை நிறுத்திவிட்டுத் திரும்ப எண்ண வேண்டும். எமது வீட்டு எழுத்துகளையும் அப்படி ஒருமுறை நிறுத்தி எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1

முதலில் 'என்னுடைய வீடு' என்ற சொல்.

யாழ்ப்பாணத்தில் வீடு என்பது பெரும்பாலும் பெண்வழி வருவது. தேசவழமை பேணும் சமூகத்தில் அது சீதனம். அம்மம்மாவின் வீடு அம்மாவுக்கு, அம்மாவின் வீடு மகளுக்கு. ஆண்பிள்ளை அங்கே பிறந்து வளர்ந்து, கலியாணத்தோடு இன்னொரு பெண்ணின் சீதன வீட்டுக்குப் போய்விடுவான். யுத்தமே வராமல் இருந்திருந்தாலும் நானும் என்னைப் போன்றவர்களும் முப்பது வயதுக்குள் அந்த வீட்டைவிட்டுப் போயிருப்போம். தைப்பொங்கலுக்கும் செத்தவீட்டுக்கும் வந்துபோகிற விருந்தாளிகளாகியிருப்போம். ஆனால் இழந்த வீட்டைப் பற்றி 'என் வீடு' என்று எழுதுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். எங்களுக்கு எப்படியும் சொந்தமாகியிராத ஒன்றை யுத்தம் எங்களுக்குச் சொந்தமாக்கித் தந்திருக்கிறது. உறுதி யாருடைய பெயரில் இருந்ததோ அந்தச் சகோதரிகள் இந்த எழுத்துகளில் தேத்தண்ணி கொண்டுவருபவர்களாக மட்டும் வருகிறார்கள்.

எங்கள் வீடு குரும்பசிட்டியில். 'ஈழகேசரி'யை 1930இல் தொடங்கிய நா. பொன்னையாவின் ஊர், 'இரசிகமணி' கனக செந்திநாதனின் ஊர் என்று அறிமுகம் செய்வது எம்மூரவர் வழக்கம். என் கட்டுரையும் அப்படித்தான் தொடங்கியது. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்குச் சனம் உடுத்த உடுப்போடு தெற்கே நகர்ந்தது. பலாலியைச் சுற்றிய நிலம் உயர்பாதுகாப்பு வலயமாகியது. இருபத்துமூன்று வருடங்களின் பின், 2013 ஏப்ரலில், 6,381 ஏக்கரை அரசு சுவீகரிக்கப் போவதாக அறிவித்தல் ஒட்டினார்கள். எதிர்ப்பும் வழக்கும் நடந்தன. பிறகு கட்டங்கட்டமாகச் சில பகுதிகள் விடப்பட்டன. எங்கள் காணி விடப்பட்டபோது அங்கே அத்திவாரக் கல்லும் கிணறும் ஒரு வேம்பும் மிச்சம்.

அந்த வேம்பைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் உயிரோடு எஞ்சிய கடைசி உறவு அது என்பதுபோல. அந்தக் காணி 1987இல் அக்காவுக்குச் சீதனமாக எழுதப்பட்டது என்பதை எழுதவில்லை. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த பணத்துக்கு இரண்டு அறை போட அத்திவாரம் வெட்டுவதற்கு அந்த வேம்பு குறுக்கே நின்றது என்பதையும், அதைத் தறிக்க வேண்டாம் என்று நான் அக்காவோடு வாக்குவாதப்பட்டதையும் எழுதவில்லை. அக்கா சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, நீ வந்து பாத்து அழுதுபோட்டு அடுத்த கிழமை பிளேன் ஏறிடுவாய். இங்கை நான்தான் படுக்கவேணும்."

வீட்டைப் பற்றிய இன்னொரு கணக்கும் உண்டு. எங்கள் காணியில் வெங்காயம் கிண்ட வந்தவர்கள், பனையில் ஏறியவர்கள், துணி எடுக்க வந்தவர்கள் எங்கள் வீட்டின் எந்த இடம்வரை வந்தார்கள்? முற்றம்வரை. கிணற்றில் தாங்களாக அள்ளமாட்டார்கள். அள்ளி ஊற்ற வேண்டும். அவர்களில் ஒருவரை எங்கள் வீட்டைப் பற்றி எழுதச் சொன்னால் முற்றத்தையும் கோடிப்புறத்தையும்தான் எழுத முடியும். சாமியறை எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாது. மல்லாகம், சுன்னாகம் பக்கத்து நலன்புரி நிலையங்களில் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகக் கிடந்தவர்களில் பலர் திரும்பிப் போகச் சொந்தக் காணி இல்லாதவர்கள். திரும்புவதற்கு ஓர் இடம் இருப்பதே ஒரு சொத்து என்பதை எமது ஏக்க எழுத்து ஒருபோதும் ஒத்துக்கொள்வதில்லை.

2

இவ்விடத்தில் பலஸ்தீன எழுத்துகளை எடுத்துக்கொள்வது பொருத்தம். எண்பதுகளிலிருந்து எம்மில் பலர் எம்மைப் பலஸ்தீனர்களோடு ஒப்பிட்டே எழுதிவந்திருக்கிறோம். அந்த ஒப்பீட்டை உண்மையில் எவ்வளவு தூரம் தாங்குவோம் என்று பார்க்கலாம்.

கஸ்ஸான் கனஃபானியின் 'ஹைஃபாவுக்குத் திரும்புதல்' என்ற குறுநாவல். 1948 ஏப்ரலில் ஹைஃபாவை விட்டுத் துரத்தப்பட்ட சயீதும் சஃபிய்யாவும் 1967 யுத்தத்தின் பின் எல்லை திறந்தபோது தங்கள் வீட்டைப் பார்க்கப் போகிறார்கள். அன்றைய நெரிசலில் அவர்கள் விட்டுவந்தது வீட்டை மட்டுமன்று, ஐந்து மாதக் குழந்தையையும். கதவைத் திறப்பவள் மிரியம் என்ற யூதப் பெண். போலந்திலிருந்து, நாசிகளின் கொலையிலிருந்து தப்பி வந்தவள். குழந்தையை அவளே வளர்த்திருக்கிறாள். அவன் இப்போது டோவ். இஸ்ரேலிய இராணுவச் சீருடையில் வந்து நிற்கிறான்.

இக்கதையை நாங்கள் படித்த விதம் எப்போதும் ஒன்றே: நாங்கள் சயீத். ஆனால் கனஃபானி செய்திருக்கும் கடினமான காரியம் வேறு. வீட்டுக்குள் இருப்பவளை அவர் அரக்கியாக்கவில்லை. மிரியமும் அகதி. அவள் ஹைஃபாவுக்கு வந்த புதிதில் இறந்த அரபுக் குழந்தையொன்றை லொறியில் தூக்கி எறிவதைக் கண்டு, இந்த நாடே வேண்டாம் என்று நினைத்தவள். ஆயினும் அவள் அந்த வீட்டில் இருந்தாள். அகதியாக இருப்பது ஒருவரை இன்னொரு அகதியின் வீட்டில் இருப்பதிலிருந்து தடுப்பதில்லை.

அதே நாவலுக்குள் ஒரு கிளைக்கதை. யாஃபாவில் தன் பழைய வீட்டைப் பார்க்கப் போகும் ஃபாரிஸ் என்பவன், அங்கே ஓர் அரபுக் குடும்பம் இருப்பதைக் காண்கிறான். 1948இல் போராடி இறந்த அவனது அண்ணன் பத்ரின் படம் அதே சுவரில் அப்படியே தொங்குகிறது. குடியிருந்தவர்கள் அதை இருபது வருடம் காப்பாற்றியிருக்கிறார்கள்; தங்கள் மகனுக்கும் பத்ர் என்றே பெயரிட்டிருக்கிறார்கள். படத்தைக் கழற்றிக்கொண்டு புறப்படும் ஃபாரிஸ் பாதி வழியில் திரும்பிவந்து அதை அவர்களிடமே கொடுத்துவிடுகிறான். வீட்டுக்கு உரியவருக்கும் வீட்டில் இருப்பவருக்கும் இடையே அங்கே ஒரு பேச்சு சாத்தியமாகிறது. இருந்தவர்கள் கணக்கு வைத்திருந்தபடியால் அது சாத்தியமாகிறது.

எட்வர்ட் சயித் 1992இல் மனைவி, மகன், மகளோடு ஜெருசலேமுக்குப் போய்த் தல்பியாவில் தான் பிறந்த வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தார். வெளிநாட்டுக் கிறிஸ்தவ அமைப்பொன்று அதில் இருந்தது. அவரால் உள்ளே போக முடியவில்லை. 1999இல் அவரை எதிர்த்தவர்கள், அந்த வீடு அவரது தந்தையின் பெயரில் இல்லை, அத்தை குடும்பத்தின் பெயரில் இருந்தது என்று பெரிய கண்டுபிடிப்பாக எழுதினார்கள். கூட்டுக் குடும்பத்துச் சொத்து என்று அவர் பதில் சொன்னார். தாக்கியவர்களின் நோக்கம் கெட்டது. ஒரு மக்கள் கூட்டம் வெளியேற்றப்பட்டதை ஓர் உறுதிப் பத்திரத்தால் மறைக்கப் பார்த்தார்கள். ஆனாலும் உறுதி யாருடைய பெயரில் என்ற கேள்வி எனக்கு அக்காவை நினைவூட்டியது. எதிரி கேட்பதற்கு முன் அதை நாமே கேட்டிருப்பது நல்லது.

மூன்றாமவர் முரீத் பர்கூதி. முப்பது வருடத்தின் பின் 1996இல் பாலத்தைக் கடந்து ஊருக்குப் போனவர். அதை 'ரமல்லாவைக் கண்டேன்' என்ற நூலாக்கினார். டெய்ர் கஸ்ஸானாவில் தங்கள் கூட்டுக் குடும்ப வீட்டின் முற்றத்தில் நின்ற பெரிய அத்திமரத்தைத் தேடுகிறார். அது இல்லை. வெட்டியவர் எதிரி அல்லர், சித்தப்பாவின் மனைவி. எல்லோரும் போய்விட்டீர்கள், பழத்தைத் தின்ன யார் இருந்தார்கள் என்பதே அவருடைய நியாயம். பர்கூதி அதை மறைக்காமல் எழுதுகிறார். ஏங்குபவனுக்கும் அங்கேயே இருந்தவளுக்கும் மரம் ஒன்றல்ல என்பதை ஒத்துக்கொள்கிறார். 1998இல் தன் மகன் தமீமை அதே ஊருக்கு அழைத்துப்போனதை 2009இல் வந்த அடுத்த நூலில் எழுதினார். நான் என் கட்டுரையில் ஒளித்த வேம்பை, அவர் தன் நூலில் பகிரங்கமாக வைத்திருக்கிறார். இரண்டு எழுத்துக்கும் உள்ள தரவேறுபாடு மொழித்திறனால் மட்டும் வந்ததல்ல.

இன்னுமொன்று. பலஸ்தீனக் கவிதைகளை 1981இல் எங்களுக்குத் தமிழில் நூலாகத் தந்தவர் எம்.ஏ. நுஃமான். கல்முனைப் பக்கத்து முஸ்லிம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வருடக்கணக்காகப் படிப்பித்தவர். வெளியேற்றப்பட்டவனின் வலியை எங்களுக்குச் சொல்லித்தந்த தமிழ் ஒரு முஸ்லிமின் தமிழ். அதன் பின் நாங்கள் என்ன செய்தோம் என்பதற்கு இப்போது வருகிறேன்.

3

எமது எழுத்துகளில் அடிக்கடி வரும் தேதி 1995 ஒக்டோபர் 30. வலிகாமம் முழுவதும் ஓரிரவில் செம்மணி, நாவற்குழிப் பாதையால் தென்மராட்சி நோக்கி நடந்த நாள். நானும் நடந்தேன். அந்த மழையையும் நெரிசலையும் பற்றி எத்தனை கவிதைகள், எத்தனை கதைகள்.

அதற்குச் சரியாக ஐந்து வருடம் முன், 1990 ஒக்டோபர் 30இல், யாழ்ப்பாண நகர முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் துரத்தப்பட்டார்கள். பெரும்பாலோர் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் போய் ஓலைக் கொட்டிலில் இருந்தார்கள். ஒரே நாள், ஒரே நகரம். ஒன்று எங்கள் நினைவின் மையத்தில் இருக்கிறது. மற்றது ஒரு சிலர் இடைவிடாது எழுதியும் பேசியும்கூட எங்கள் நினைவின் ஓரத்திலேயே நிற்கிறது.

1991 தை தொடக்கம் எங்கள் குடும்பம் ஐந்து சந்திக்குக் கிட்ட ஒரு வீட்டில் இருந்தது. அதற்கு முன் ஆறு மாதம் கொக்குவிலில் உறவுக்காரர் வீட்டு விறாந்தையில். ஐயாவுக்கு இழுப்பு, மழைகாலம். ஒரு வீடு கிடைக்கிறது என்றார்கள். திறப்பைத் தந்தவர்களுக்கு அந்த வீடு சொந்தமில்லை என்பது எங்களுக்குத் தெரியும். யாருடையது என்று நாங்கள் கேட்கவில்லை. எனக்கு அப்போது இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. கேட்கத் தெரியாத வயதல்ல. பச்சைச் சுவர். முன்னறையில் ஒரு தையல் மெசின் இருந்த அடையாளம் சீமெந்தில் நான்கு குழியாக இருந்தது. மெசின் இல்லை. லாச்சிக்குள் ஓர் அளவுக்கொப்பி கிடந்தது. பெயர், இடுப்பு, உயரம், கொடுத்த முற்பணம், மிகுதி. பெயர்களில் பெரும்பாலானவை தமிழ்ப் பெயர்கள். உடுப்பை எடுத்துப்போனவர்களின் பெயருக்கு மேல் ஒரு கீறு. கடைசி இரண்டு பக்கத்தில் கீறு இல்லை.

கொப்பியில் வெறும் பக்கங்கள் மிச்சமிருந்தன. பொருளாதாரத் தடைக் காலம், கடதாசிக்குத் தட்டுப்பாடு. அம்மா அதில் மண்ணெண்ணெய்க் கணக்கும் அரிசிக் கணக்கும் எழுதினா. ஏறத்தாழ ஐந்து வருடம் அந்த வீட்டில் இருந்து, உதவி விரிவுரையாளராக நான் எழுதிய முதற் கட்டுரைகளையும் அந்த வீட்டு மேசையில்தான் எழுதினேன். புறநானூற்றில் பாரி மகளிர் இழந்த குன்றைப் பற்றி மாணவருக்கு வகுப்பெடுத்துவிட்டுச் சைக்கிளில் அந்த வீட்டுக்குத்தான் திரும்பினேன். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு அம்மா அந்த வீட்டைப் பூட்டி, திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு நடந்தா. வீட்டுக்காரன் போன அதே தேதி. அந்தப் பொருத்தத்தை நான் கண்டுபிடிக்க இருபது வருடத்துக்கு மேல் எடுத்தது.

அம்மா 2014இல் கொக்குவிலில் காலமானா. 2018இல் அக்கா அம்மாவின் பெட்டியிலிருந்து ஒரு திறப்பை எடுத்து என் கையில் தந்தா: "எங்கடை வீட்டுத் திறப்பு. அம்மா கடைசிவரைக்கும் வைச்சிருந்தவ." அக்கா 1990இன் பின் மட்டக்களப்பில் இருந்தவ, அவவுக்குத் தெரிய நியாயமில்லை. குரும்பசிட்டி வீட்டுத் திறப்பு ஒரு சாண் நீள இரும்புத் திறப்பு. இது சின்னப் பித்தளைத் திறப்பு. பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது.

என் கட்டுரையில் இருக்கும் பொய் இதுதான். திரும்பிவந்தபின், பலஸ்தீன அகதிகள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றும் திறப்புகளைப் பற்றி எழுதி, அதன் கீழே, எங்கள் அம்மாவும் கதவில்லாத வீட்டின் திறப்பைச் சாகும்வரை வைத்திருந்தா என்று முடித்தேன். தொலைபேசியில் அழுதவர்கள் எல்லோரும் அந்தப் பந்தியைத்தான் சொன்னார்கள். அது தையற்காரனின் வீட்டுத் திறப்பு. அம்மா ஏன் அதை வைத்திருந்தா என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் கொடுக்க வேண்டுமென்று வைத்திருக்கலாம். மறந்தும் போயிருக்கலாம்.

மகளுக்கு அப்போது பத்தொன்பது வயது. குரும்பசிட்டியில் அவளும் வெயில் தாங்காமல் வானுக்குள் போனவள்தான். மறுநாள் கேட்டாள்: "அப்பம்மா சொல்லுற பச்சை வீடு எங்கை அப்பா?" அப்பம்மா தொலைபேசியில் அவளுக்குச் சொன்ன கதைகளில் குரும்பசிட்டியைவிடப் பச்சை வீடே அதிகம் வந்திருக்கிறது. சாட்டுச் சொல்லிப் பார்த்தேன். பலிக்கவில்லை. போனோம்.

பாதிக் கூரை தகரம். சுவரில் பச்சை இல்லை. என் வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வெளியே வந்து, "ஆரைத் தேடுறீங்க?" என்று கேட்டார். "ஒருத்தரையும் இல்லை, ஒழுங்கை மாறி வந்திட்டம்" என்றேன். வெயிலுக்குள் நிற்காமல் தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். மனைவியும் மகளும் உள்ளே போய்க் குடித்தார்கள். நான் வாசலிலேயே நின்றேன். திறப்பு என் தோள்பைக்குள் இருந்தது. அவர் தையற்காரனின் மகளா, மருமகளா, வேறு யாருமா என்று கேட்கவில்லை. வானுக்குள் ஏறியபின் மகள் என்னைப் பார்த்து, "ஏன் பொய் சொன்னீங்கள்?" என்று கேட்டாள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. இந்தப் பந்திகள் எதுவும் என் கட்டுரையில் இல்லை.

சயித் உள்ளே போக முடியாமல் நின்றது அவருடைய வீட்டு வாசலில். நான் நின்றது என்னால் ஒருமுறை மூடப்பட்ட வாசலில்.

4

இதை மன்னிப்புக் கேட்பதற்காக எழுதுகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். மன்னிப்பை ஒரு தமிழ்ச் சஞ்சிகையில் தமிழரிடம் கேட்பதில் பொருளில்லை. என் கேள்வி இலக்கியம் பற்றியது.

இரண்டு ஆட்சேபங்களை எதிர்பார்க்கிறேன். முதலாவது: இன்னும் முழுமையாக விடுவிக்கப்படாத நிலம் இருக்கையில் இதை ஏன் கிளற வேண்டும்? நிலம் கேட்கும் நியாயம் நாங்கள் குற்றமற்றவர்கள் என்பதில் தங்கியிருந்தால் அது மிகப் பலவீனமான நியாயம். காணி அதன் உரியவருக்குச் சேர வேண்டும் என்பதே வாதம் என்றால், அது குரும்பசிட்டிக்கும் ஐந்து சந்திக்கும் ஒரே வாதம்தான். இரண்டாவது: நீங்கள் துரத்தவில்லை, மழைக்கு ஒதுங்கினீர்கள், அவ்வளவுதானே? உண்மை. மிரியமும் அவ்வளவுதான். கனஃபானி அவளுக்குத் தீர்ப்பு எழுதவில்லை. ஆனால் அவளைக் கதவைத் திறந்து பேச வைத்தார். எமது எழுத்தில் மிரியம் இல்லை. எல்லோரும் சயீதாகவே இருக்கிறோம்.

வீட்டை நினைப்பது பிழையல்ல. கிணற்றடியும் செம்மண்ணும் எனக்கும் கனவில் வருகின்றன. ஆனால் ஊர் போய்வந்து எழுதும் ஒரு பிரதியைப் படிக்கும்போது இனி சில விடயங்களைக் கேட்கலாம். உறுதி யாருடைய பெயரில்? இந்த வீட்டுக்குள் வர முடியாதவர்கள் யார்? நாங்கள் போனபின் அங்கேயே இருந்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? எங்கள் வீட்டுக்கும் இந்த நாட்டுக்கும் இடையில் நாங்கள் தங்கிய வீடுகள் யாருடையவை? கடைசிக் கேள்விக்குப் பதில் உள்ளவர்கள் எம்மிடையே நான் ஒருவன் மட்டுமல்ல என்பது எனக்குத் தெரியும். ஓர் அலுமாரி, ஒரு கதவு நிலை, ஒரு தையல் மெசின் மலிவு விலைக்கு வந்த வீடுகள் எத்தனை என்று அந்தக் காலத்தில் அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

என் பழைய கட்டுரையை ஒரு தொகுப்பில் சேர்க்க விரும்புவதாகச் சென்ற மாதம் ஒரு நண்பர் கேட்டிருந்தார். திறப்புப் பந்தியை வெட்டிவிட்டுத் தரலாம் என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அது அப்படியே இருக்கட்டும். ஆனால் இந்தக் கட்டுரையையும் அதன் பின்னால் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் வேண்டாம் என்று அவருக்கு எழுதியிருக்கிறேன். திறப்பு இப்போது மகளிடம் இருக்கிறது. அடுத்த கோடையில் போகலாம் என்கிறாள். அந்தப் பெண் யாரென்று முதலில் கேட்க வேண்டியது நான்தான் என்றும் சொல்லியிருக்கிறாள்.